ஒன்பது வீடியோ கேசட், 50 ஆண்டு: கலிஃபோர்னியா ஒரு திருட்டை எடைபோட்ட விதம்

1995 நவம்பர் 4. தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒன்டாரியோ என்று ஓர் ஊர். அங்கே ஒரு கேமார்ட் கடை. லியாண்ட்ரோ ஆன்ட்ராடே என்பவர் ஐந்து வீடியோ கேசட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது கடைக் காவலர்கள் பிடித்துவிட்டார்கள். ஐந்தும் சேர்த்து விலை 84 டாலர் 70 சென்ட். சரியாக இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 18 அன்று, பக்கத்து ஊரான மான்ட்கிளேரில் இன்னொரு கேமார்ட். இந்தத் தடவை நான்கு கேசட், 68 டாலர் 84 சென்ட். பேன்ட்டின் பின்பக்க இடுப்புப் பட்டைக்குள் செருகியிருந்தார். இங்கும் வாசலிலேயே பிடிபட்டார்.

யாரையும் அடிக்கவில்லை. கையில் ஆயுதம் இல்லை. இரண்டு நாளையும் கூட்டினால் 153 டாலர் 54 சென்ட். இதற்கு அவருக்குக் கிடைத்த தண்டனை: 25 ஆண்டு முதல் ஆயுள் வரை, அதை முடித்த பிறகு மறுபடியும் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை. அதாவது, 50 ஆண்டு கழிந்த பிறகுதான் பரோல் கேட்டு மனுவே போட முடியும். அப்போது அவருக்கு வயது 37. மனுப் போடும் வயது 87.

லாக்கியர் எதிர் ஆன்ட்ராடே என்ற இந்த வழக்கின் தீர்ப்பை முதன்முதலில் படித்தபோது கணக்கைத் தவறாகப் படித்துவிட்டேனோ என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன். தவறில்லை. ஒரு கேசட்டுக்கு ஐந்தரை ஆண்டு வருகிறது. கோபக்கார நீதிபதி ஒருவர் ஆவேசத்தில் எழுதிய தீர்ப்பு என்று நினைத்தால் அதுவும் இல்லை. அந்த மாநிலத்தின் சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, படிப்படியாக, கூட்டிப் பெருக்கி வந்த விடை. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் இந்தத் திருட்டை ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு நகர்த்தியிருக்கிறார். அதிகபட்சம் ஆறு மாதம் கிடைக்க வேண்டிய சில்லறைத் திருட்டு எப்படி ஐம்பது ஆண்டாகிறது என்பதை ஒவ்வொரு படியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று தட்டுகள்

கலிஃபோர்னியாவின் தண்டனைச் சட்டம் குற்றங்களை மூன்று தட்டுகளில் அடுக்குகிறது. ஆகக் கீழே இருப்பது இன்ஃப்ராக்‌ஷன். அபராதத்தோடு போய்விடும், சிறை கிடையாது. நடுவில் மிஸ்டிமீனர், மாவட்டச் சிறையில் அப்போது அதிகபட்சம் ஓராண்டு (2015-இலிருந்து 364 நாள்), தனியாக எதுவும் சொல்லாத குற்றங்களுக்கு ஆறு மாதம். மேலே இருப்பது ஃபெலனி. மாநிலச் சிறைக்குப் போகக்கூடிய குற்றங்கள், மரண தண்டனைக்குரிய குற்றங்கள் எல்லாம் இந்தத் தட்டில். ஃபெலனி என்ற சொல்லுக்கு இணையான வகை நம் தண்டனைச் சட்டத்தில் இல்லை. 'கடுங்குற்றம்' என்று மொழிபெயர்த்தால் அர்த்தம் பாதிதான் வரும், ஏனென்றால் அந்தத் தட்டில் இருப்பதெல்லாம் கடுமையான குற்றம் இல்லை. இந்த வழக்கின் சிக்கலே அதில்தான் இருக்கிறது. அதனால் ஃபெலனி என்றே வைத்துக்கொள்கிறேன்.

சில மாநிலங்கள் ஃபெலனிகளுக்கு எழுத்துப் போட்டுப் பிரித்திருக்கின்றன. வாஷிங்டன் மாநிலத்தில் ஏ வகைக்கு உச்சம் ஆயுள், பி வகைக்குப் பத்தாண்டு, சி வகைக்கு ஐந்தாண்டு. எழுத்தைப் பார்த்தால் எடை தெரியும். கலிஃபோர்னியா அப்படிச் செய்யவில்லை. அங்கே பெரும்பாலான ஃபெலனிகளுக்கு மூன்று எண்கள் உண்டு. தாழ்ந்தது, நடுவானது, உயர்ந்தது. அதில் ஒன்றை நீதிபதி தேர்ந்தெடுக்க வேண்டும். ஆள் வசிக்கும் வீட்டில் கன்னக்களவு செய்தால் 2, 4 அல்லது 6 ஆண்டு. திட்டமிடாமல், ஆத்திரத்தில் ஒருவரைக் கொன்றால் 3, 6 அல்லது 11 ஆண்டு. அதற்கு மேலே ஆயுள் வகைத் தண்டனைகள் வருகின்றன. இரண்டாம் நிலைக் கொலைக்கு 15 ஆண்டு முதல் ஆயுள் வரை. முதல் நிலைக் கொலைக்கு, அதாவது திட்டமிட்டுச் செய்த கொலைக்கு, 25 ஆண்டு முதல் ஆயுள் வரை. கடைசியாகச் சொன்ன எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

இந்தத் தட்டுகளுக்கு நடுவே இன்னொரு வகை இருக்கிறது. அந்த ஊர் வழக்கறிஞர்கள் பேச்சில் அதற்கு 'வாப்ளர்' என்று பெயர். தள்ளாடுகிற குற்றம். ஃபெலனியாகவும் பதியலாம், மிஸ்டிமீனராகவும் பதியலாம். எது என்று முதலில் முடிவு செய்வது மாவட்ட அரசு வழக்கறிஞர். ஃபெலனி என்று அவர் எழுதிவிட்டால், அதை மிஸ்டிமீனராகக் குறைக்கும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு. ஆனால் குறைத்தே ஆக வேண்டும் என்று இல்லை.

ஆன்ட்ராடேயின் திருட்டு முதலில் விழ வேண்டிய இடம் நடுத்தட்டு. அப்போது 400 டாலர் வரையிலான திருட்டு சில்லறைத் திருட்டு, மிஸ்டிமீனர், அதிகபட்சம் ஆறு மாதம். அவருடைய இரண்டு திருட்டுமே நூறு டாலரைக்கூடத் தொடவில்லை. ஆனால் 666-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. முன்பு திருட்டு வகைக் குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்தவர் மறுபடி சில்லறைத் திருட்டுச் செய்தால், அது வாப்ளர் ஆகிவிடும். ஃபெலனியாகப் பதிந்தால் மூன்றாண்டு வரை போகும்.

அவர் மேல் இருந்த பழைய வழக்குகளை மறைக்க வேண்டியதில்லை. 1982-இல் ஒரு சின்னத் திருட்டு, ஆறு நாள் சிறை. அதே ஆண்டு நவம்பரில் வீடு புகுந்து திருடியதாகப் பல வழக்குகள். அவற்றில் குறைந்தது மூன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 120 மாதத் தண்டனை. 1988-இலும் 1990-இலும் கஞ்சா கடத்தல். 1990-இல் இன்னொரு சில்லறைத் திருட்டு. நடுவில் கூட்டாட்சிச் சிறையிலிருந்து தப்பியதும் உண்டு. இத்தனைக்கும் பின்னால் ஹெராயின் இருந்தது. 1977-இலிருந்தே தான் அடிமை என்றும், சிறையிலிருந்து வெளியே வந்தால் ஏதாவது முட்டாள்தனம் செய்துவிடுவதாகவும், அந்தப் பழக்கம்தான் தன் வாழ்க்கையை நடத்துகிறது, அதற்காகத்தான் திருடுகிறேன் என்றும் நன்னடத்தை அதிகாரியிடம் அவரே சொல்லியிருக்கிறார். அறிக்கையில் அது பதிவாகியிருக்கிறது. ஏறக்குறைய இருபது ஆண்டு போதைமருந்துக்கு அடிமையாக இருந்த, முன்பு ராணுவத்தில் வேலை பார்த்த, மூன்று பிள்ளைகளின் தகப்பன். நல்ல மனிதர் என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் அந்த நீண்ட பட்டியலில் ஒருவரையும் அடித்ததாகவோ ஆயுதம் காட்டியதாகவோ ஒரு வழக்கும் இல்லை.

அரசு வழக்கறிஞர் 666-ஆம் பிரிவில் இரண்டு குற்றச்சாட்டு பதிந்தார். இரண்டையும் ஃபெலனியாகவே பதிந்தார். திருட்டு மேல்தட்டுக்கு ஏறியது அந்த இடத்தில்தான்.

மூன்று அடி

மேல்தட்டுக்கு ஏறியதும் மூன்றாண்டோடு நிற்காமல் போனதற்குக் காரணம், 1994-இல் வந்த 'மூன்று ஸ்ட்ரைக்' சட்டம். பெயர் பேஸ்பாலிலிருந்து வந்தது. மட்டையாளருக்கு மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. 1992 ஜூனில் ஃப்ரெஸ்னோ நகரில் கிம்பர் ரேனால்ட்ஸ் என்ற 18 வயதுப் பெண்ணின் கைப்பையைப் பறிக்க வந்தவர்கள் அவரைத் தலையில் சுட்டார்கள். மறுநாள் இறந்துபோனார். அவருடைய அப்பா மைக் ரேனால்ட்ஸ் புகைப்படக்காரர். மகளைக் கொன்றது ஏற்கெனவே சிறை போய் வந்த ஆள் என்று தெரிந்ததும், மறுபடி மறுபடி குற்றம் செய்பவர்களை வெளியே விடக்கூடாது என்று ஒரு சட்டத்துக்கு அலைய ஆரம்பித்தார். 1993 வசந்தத்தில் சட்டமன்றக் குழுவே அந்த மசோதாவைத் தள்ளிவிட்டது. அப்புறம் அக்டோபர் 1 அன்று பெட்டலூமா ஊரில், வீட்டுக்குள் தோழிகளோடு இருந்த 12 வயது பாலி கிளாஸை ரிச்சர்ட் ஆலன் டேவிஸ் என்பவன் கத்தி காட்டிக் கடத்திக்கொண்டுபோய்க் கொன்றான். அவனும் பல தடவை சிறை போய் வந்தவன். மாநிலம் முழுக்கக் கொதித்தது. தள்ளிப்போட்ட மசோதா தூசி தட்டி எடுக்கப்பட்டு, 1994 மார்ச் 7 அன்று ஆளுநர் பீட் வில்சன் கையெழுத்துப் போட்டார். நவம்பரில் அதே சட்டத்தை முன்மொழிவு 184 என்று மக்கள் வாக்குக்கும் விட்டார்கள். 72 விழுக்காட்டினர் ஆமென்றார்கள்.

ஒரு தகப்பனின் துக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் துக்கத்தைச் சட்டமாக எழுதும்போது பிரிவுகளை எப்படி வரைந்தார்கள் என்பதுதான் என் கேள்வி. பாலியின் அப்பா மார்க் கிளாஸ் முதலில் இந்த இயக்கத்தை ஆதரித்தவர். சட்டத்தின் வலை எவ்வளவு அகலம் என்று தெரிந்ததும் எதிர்த்துப் பேசத் தொடங்கினார். வன்முறை இல்லாத திருட்டையும் தன் மகளுக்கு நடந்ததையும் ஒரே தராசில் வைக்க அவர் ஒப்பவில்லை.

சட்டம் இப்படி வேலை செய்தது. கலிஃபோர்னியாவில் ஃபெலனிகளுக்குள் இரண்டு பட்டியல்கள் உண்டு. 'வன்முறைக் குற்றங்கள்' ஒன்று, 'தீவிரக் குற்றங்கள்' இன்னொன்று. ஒருவர் முன்பு செய்த குற்றம் இந்த இரண்டில் எதிலாவது இருந்தால் அது ஒரு ஸ்ட்ரைக். ஒரு ஸ்ட்ரைக் இருப்பவர் புதிதாக ஃபெலனி செய்தால் தண்டனை இரட்டிப்பு. இரண்டோ அதற்கு மேலோ இருந்தால், புதிய ஃபெலனிக்கு 25 ஆண்டு முதல் ஆயுள் வரை. திட்டமிட்ட கொலைக்கு நான் சொன்ன அதே எண்.

கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. முதல் இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பட்டியல் வேண்டும். மூன்றாவதற்குப் பட்டியலே வேண்டாம், எந்த ஃபெலனியாக இருந்தாலும் போதும் என்று எழுதிவிட்டார்கள். வாஷிங்டன் மாநிலம் 1993-இலேயே மூன்று ஸ்ட்ரைக் சட்டம் கொண்டுவந்திருந்தது. அங்கே மூன்றாவதும் பட்டியலில் உள்ள கொடுங்குற்றமாக இருந்தாக வேண்டும். கலிஃபோர்னியாவில் அந்தக் கதவு திறந்தே கிடந்தது. அதன் வழியாகத்தான் வாப்ளர்கள் உள்ளே வந்தன. ரெடாண்டோ பீச் கடற்கரையில் பிள்ளைகளிடமிருந்து ஒரு துண்டு பிட்சாவைப் பிடுங்கிய ஓர் இளைஞருக்கு 1995-இல் 25 ஆண்டு கொடுத்தார்கள். பிறகுதான் குறைத்தார்கள்.

ஆன்ட்ராடேயின் 1982-ஆம் ஆண்டுக் கன்னக்களவுகள் 'தீவிரக் குற்றங்கள்' பட்டியலில் இருந்தன. சட்டம் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்னால் நடந்ததாயிற்றே என்றால், அதுவும் கணக்கில் உண்டு. மூன்றும் ஒரே சமயத்தில் ஒப்புக்கொண்டு ஒரே தண்டனை வாங்கியதாயிற்றே என்றால், அதுவும் செல்லாது; தனித்தனியாக மூன்று என்று எண்ணினார்கள். பேஸ்பால் ஆட்டக்காரருக்கு இரண்டாவது ஸ்ட்ரைக் விழும்போது அடுத்தது ஆபத்து என்று தெரியும். இவருக்கு அந்த எச்சரிக்கை கிடைக்கவே இல்லை. இவர் ஆடி முடித்த பிறகு விதி எழுதி, பழைய ஆட்டத்துக்கு மூன்று ஸ்ட்ரைக்கும் சேர்த்துப் போட்டார்கள்.

அந்தப் பழைய திருட்டுகள் செய்த வேலையைப் பாருங்கள். சில்லறைத் திருட்டை ஃபெலனியாக்கத் தேவையான 'முன்பு திருடியவர்' என்ற தகுதிக்கும் அவை போதும். ஃபெலனியான பிறகு அதை ஆயுள் வகைக்குத் தூக்குவதும் அவையே. ஒரே பழைய பாவத்துக்கு இரண்டு தடவை வட்டி.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வழக்கிலேயே எனக்குத் தூக்கம் கெடுத்தது இதுதான். 666-ஆம் பிரிவு கேட்டது முன்பு செய்த *திருட்டு வகை* குற்றத்தை மட்டும். பழைய வழக்குகள் கொலை, பாலியல் வன்முறை என்று மட்டும் உள்ள ஒருவர் அதே கடையில் அதே கேசட்டுகளைத் திருடியிருந்தால், அந்தப் பிரிவு அவரைத் தொடாது. சில்லறைத் திருட்டு சில்லறைத் திருட்டாகவே இருக்கும். ஃபெலனியே இல்லாதபோது மூன்றாவது ஸ்ட்ரைக் எங்கிருந்து வரும்? அதிகபட்சம் ஆறு மாதத்தோடு வீட்டுக்குப் போவார். கொலைகாரனுக்கு ஆறு மாதம், திருடனுக்கு ஐம்பது ஆண்டு. கொடியவர்களை அடைத்து வைக்கத்தான் இந்தச் சட்டம் என்றவர்கள் இந்தக் கணக்குக்கு என்ன பதில் சொல்வார்கள்?

கடைசிப் படி கூட்டல். ஒரே சந்தர்ப்பத்தில் நடக்காத குற்றங்களுக்குத் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்றது சட்டம். நவம்பர் 4 ஒன்று, நவம்பர் 18 இன்னொன்று. 25-உம் 25-உம் 50. நன்னடத்தைக்காகக் கழிக்கிற நாள் கழிவும் இந்த 25-இல் செல்லாது.

தலைநகர் வாஷிங்டனுக்குப் போன வழக்கு

மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை. கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவைத் தள்ளியது. 2001-இல்தான் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தமே இல்லை, இது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஆன்ட்ராடேவுக்காக வாதாடியவர் சட்டப் பேராசிரியர் எர்வின் செமெரின்ஸ்கி.

அடிப்படை, அமெரிக்க அரசியலமைப்பின் எட்டாவது திருத்தம். கொடூரமான, வழக்கத்துக்கு மாறான தண்டனை கூடாது என்கிற ஒரு வரி. குற்றத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்கு நீண்ட சிறைத்தண்டனையும் அதில் அடங்குமா என்பதில் அந்த நீதிமன்றம் முன்னும் பின்னுமாகவே போய்க்கொண்டிருந்தது. 1980-இல் டெக்சாஸ் வழக்கு ஒன்று. வில்லியம் ரம்மல் பல ஆண்டு இடைவெளியில் செய்த மூன்று மோசடிகளின் மொத்தத் தொகை 229 டாலர் 11 சென்ட். ஆயுள் தண்டனை செல்லும் என்றார்கள், பரோலுக்கு வழி இருக்கிறது என்பது ஒரு காரணம். மூன்றே ஆண்டில், 1983-இல், சவுத் டகோட்டாவின் ஜெரி ஹெல்ம் வழக்கு. இல்லாத கணக்கின் பேரில் நூறு டாலர் காசோலை, பழைய வழக்குகள் ஆறு, பரோலே இல்லாத ஆயுள், செல்லாது என்றார்கள். இரண்டு தீர்ப்புமே ஐந்துக்கு நான்கு.

ஆன்ட்ராடேயின் வழக்கு இந்த இரண்டுக்கும் நடுவே நின்றது. காகிதத்தில் அவருக்குப் பரோல் உண்டு. உடம்பில் உயிர் இருந்தால், 87 வயதில்.

2003 மார்ச் 5 அன்று தீர்ப்பு வந்தது. இதுவும் ஐந்துக்கு நான்கு. பெரும்பான்மைக்காக எழுதியவர் சாண்ட்ரா டே ஓ'கானர். அவர் எழுதியதை மேலோட்டமாகப் படித்தால், இந்தத் தண்டனை நியாயம் என்று சொன்னதாகத் தோன்றும். உண்மையில் அவர் நின்றது வேறு இடத்தில். ஓக்லஹோமா குண்டுவெடிப்புக்குப் பிறகு, 1996-இல், அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டிருந்தது. மாநில நீதிமன்றத் தீர்ப்பைக் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட்டு மாற்ற வேண்டுமென்றால், அது தவறு என்று காட்டினால் போதாது. தெளிவாக நிலைபெற்ற சட்டத்தை ஏற்கவே முடியாத விதத்தில் பயன்படுத்தியது என்று காட்ட வேண்டும். ஓ'கானர் சொன்னது இது: எங்கள் தீர்ப்புகளே இந்த விஷயத்தில் தெளிவாக இல்லை. தெளிவாக இருப்பது ஒன்றுதான், மிக அரிதான, அதீதமான வழக்கில் மட்டும் தண்டனை பொருந்தாது என்று சொல்லலாம். மாநில நீதிமன்றம் இதை அப்படிப்பட்ட வழக்கு இல்லை என்று நினைத்ததை ஏற்கவே முடியாதது என்று சொல்ல மாட்டோம். வாதத்தின் சாரம் இவ்வளவுதான்.

நீதிமன்றமே சட்டத்தைக் குழப்பி வைத்திருந்தது. அந்தக் குழப்பத்தின் சுமையைக் கைதியின் தலையில் இறக்கினார்கள். இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் டேவிட் சூட்டர். ஸ்டீவன்ஸ், கின்ஸ்பர்க், பிரேயர் மூவரும் அவரோடு சேர்ந்தார்கள். 37 வயது ஆளுக்கு 50 ஆண்டு என்பது பரோல் இல்லாத ஆயுள்தான், ஹெல்முக்குச் செல்லாதது இவருக்கு மட்டும் எப்படிச் செல்லும் என்று கேட்டார். இரண்டாவது 25 ஆண்டைப் பற்றி அவர் சொன்னது இன்னும் நேரடியானது: இரண்டாம் முறை ஒரு கைப்பிடி கேசட் எடுத்ததால் இந்த மனிதர் சமூகத்துக்கு இரண்டு மடங்கு ஆபத்தானவராகிவிடவில்லை. இந்தத் தண்டனையே பொருத்தமற்றது இல்லையென்றால் பொருத்தம் என்ற கொள்கைக்கே அர்த்தமில்லை என்று முடித்தார்.

அதே நாளில் யூவிங் எதிர் கலிஃபோர்னியா என்ற இன்னொரு வழக்கிலும் தீர்ப்பு வந்தது. 2000 மார்ச்சில் எல் செகுண்டோவில் கேரி யூவிங் என்பவர் கடையிலிருந்து மூன்று கோல்ஃப் மட்டைகளைக் கால்சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தார். விந்தி விந்தி நடப்பதைப் பார்த்துக் கடை ஊழியர் போலீஸுக்குப் போன் செய்தார். ஒரு மட்டை 399 டாலர், மூன்றும் 1,197. 400 டாலருக்கு மேல் என்பதால் பெருந்திருட்டு, அதுவும் வாப்ளர்தான். யூவிங்கின் பழைய வழக்குகளில் கத்தி காட்டிப் பறித்ததும் உண்டு, ஆகவே ஆன்ட்ராடேயோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. 25 ஆண்டு செல்லும் என்றார்கள். இதுவும் ஐந்துக்கு நான்கு.

பேனா யார் கையில்

இந்த வழக்கைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உச்ச நீதிமன்றத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கென்னவோ முக்கியமான முடிவு அதற்கு ஏழெட்டு ஆண்டு முன்பே, சான் பெர்னார்டினோ மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் நடந்துவிட்டது என்றுதான் படுகிறது. குற்றப்பத்திரிகையில் ஃபெலனி என்று எழுதாமல் மிஸ்டிமீனர் என்று எழுதியிருந்தால் இந்த வழக்கு வாஷிங்டனுக்குப் போயிருக்காது, ஆன்ட்ராடேயின் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. இதே சட்டம்தான் பக்கத்து மாவட்டமான லாஸ் ஏஞ்சலஸிலும். 2000-இல் அங்கே அரசு வழக்கறிஞராகத் தேர்வான ஸ்டீவ் கூலி, மூன்றாவது குற்றம் தீவிரமானதோ வன்முறையானதோ இல்லையென்றால் பொதுவாக 25 ஆண்டு கேட்க வேண்டாம் என்று தன் அலுவலகத்துக்குக் கொள்கை வகுத்தார். மாவட்ட எல்லை தாண்டினால் தண்டனை மாறும் என்ற நிலை. ஒரு மாநிலத்தின் சட்டப் புத்தகம் ஒன்றுதான், ஆனால் எந்தத் தட்டு என்பதைத் தேர்தலில் ஜெயித்து வந்த ஒரு வழக்கறிஞரின் மனம் முடிவு செய்கிறது.

நீதிபதிகளுக்கும் கொஞ்சம் இடம் இருந்தது. 1996 ஜூனில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ரொமேரோ வழக்கில், நியாயத்துக்குத் தேவைப்பட்டால் பழைய ஸ்ட்ரைக்குகளை நீதிபதி கணக்கில் எடுக்காமல் விடலாம் என்றது. பிட்சாவைப் பிடுங்கிய இளைஞருக்குத் தண்டனை குறைந்தது அந்த வழியாகத்தான். ஆனால் அது சலுகை, உரிமை இல்லை. யூவிங் கேட்டுப் பார்த்தார்; நீதிபதி மறுத்துவிட்டார்.

சிறைகள் நிரம்பி வழிந்தன. மூன்று ஸ்ட்ரைக் சட்டம் மட்டும் காரணம் இல்லை, ஆனால் அதுவும் ஒரு காரணம். கட்டப்பட்ட அளவைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆட்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் மூன்றடுக்குக் கட்டில் போட்டுக் கைதிகளைப் படுக்க வைத்தார்கள். மருத்துவம் கிடைக்காமல் செத்தார்கள். 2011 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, கைதிகள் எண்ணிக்கையைக் கட்டுமானக் கொள்ளளவில் 137.5 விழுக்காட்டுக்குக் குறைத்தாக வேண்டும் என்ற உத்தரவை உறுதி செய்தது. கொள்ளளவுக்குள் வரச் சொல்லவில்லை; அதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக வைத்திருக்கலாம் என்று சொல்லியும் அந்த எண்ணைத் தொட மாநிலம் திணறியது.

வாக்காளர்கள் மாற்றியது, மறுபடி மாற்றியது

2004-இல் சட்டத்தைத் திருத்த ஒரு முன்மொழிவு வந்தது, முன்மொழிவு 66. கடைசி நாட்களில் எதிர்ப்பு விளம்பரங்கள் குவிந்தன, தோற்றது. 2012 நவம்பரில் முன்மொழிவு 36 வந்தது. ஸ்டான்ஃபோர்டு சட்டப் பள்ளியில் மூன்று ஸ்ட்ரைக் கைதிகளுக்காக வழக்கு நடத்திவந்தவர்கள் எழுதியது. அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: வாஷிங்டன் மாநிலத்தைப்போல மூன்றாவது குற்றமும் பட்டியலில் இருக்க வேண்டும், கொடிய பழைய வழக்கு உள்ளவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விதிவிலக்கு. பட்டியலில் இல்லாத குற்றத்துக்காக ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தண்டனையைக் குறைக்கச் சொல்லி நீதிபதியிடம் போகலாம். 69 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். 18 ஆண்டு முன் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அதே மாநிலத்து வாக்காளர்கள்தான். சுமார் 3,000 கைதிகள் மறுதண்டனை கேட்கத் தகுதி பெற்றார்கள்.

2014-இல் முன்மொழிவு 47. 950 டாலருக்குள்ளான திருட்டு, சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த போதைமருந்து எல்லாம் மிஸ்டிமீனர் ஆயின. 666-ஆம் பிரிவின் வாய் பெருமளவு அடைக்கப்பட்டது. ஆன்ட்ராடே செய்தது போன்ற திருட்டு நடுத்தட்டுக்கே திரும்பி வந்தது.

அங்கேயே நிற்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு, கடைகளுக்குள் கூட்டமாகப் புகுந்து வாரிக்கொண்டு ஓடும் காட்சிகள் ஒவ்வொரு போனிலும் வந்தன. மருந்துக் கடைகளில் சோப்பையும் பற்பசையையும்கூடப் பூட்டி வைத்தார்கள். கடைக்காரர்களின் கோபம் பொய்யில்லை. சிறு கடை வைத்திருப்பவருக்கு தினம் நூறு டாலர் போனால் கடையை மூட வேண்டியதுதான். 2024 நவம்பரில் மறுபடி ஒரு வாக்கெடுப்பு, எண் மறுபடியும் 36. இரண்டு முறை திருட்டுக்குத் தண்டனை பெற்றவர் மூன்றாவது தடவை திருடினால், எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் ஃபெலனியாகப் பதியலாம், மூன்றாண்டு வரை சிறை. மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் ஆதரித்து நிறைவேறியது.

2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால் ஒன்பது கேசட்டுக்கு இணையான ஒன்றை இன்று ஆன்ட்ராடேயைப் போன்ற ஒருவர் திருடினால் ஐம்பது ஆண்டுக்குப் போகாது. ஆனால் பழைய திருட்டு இரண்டு இருந்தால் அது மறுபடியும் வாப்ளர். 2003 தீர்ப்பையும் யாரும் ரத்து செய்யவில்லை. நீண்ட சிறைத்தண்டனையை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகிற கைதியிடம், அரசுத் தரப்பு இன்றும் லாக்கியர் எதிர் ஆன்ட்ராடே என்றுதான் முதலில் எடுத்துக் காட்டுகிறது. அதற்கு முன்னால், மாவட்ட அலுவலகத்தில், குற்றப்பத்திரிகையில் ஃபெலனியா மிஸ்டிமீனரா என்று எழுதுகிற பேனா இப்போதும் அரசு வழக்கறிஞரின் கையில்தான் இருக்கிறது.